காசியில் விட்ட மாம்பழம்

கையுறைக்குக் கிடையாதாம். முகக்கவசத்துக்குக் கிடையாது, பஞ்சுக்குக் கிடையாது, ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரிக்கும் கிடையாது. நோயாளி சாப்பிடுகிற இட்லிக்கு உண்டு, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவள் சாப்பிடுகிற இட்லிக்குக் கிடையாது. அறை வாடகை அவர்கள் சொன்ன அளவைத் தாண்டினால் வாடகையில் மட்டும் வெட்டமாட்டார்கள், அதே விகிதத்தில் டாக்டர் கட்டணத்திலும் வெட்டுவார்கள். இதையெல்லாம் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருக்கிற ஷர்மிளா என்ற பெண் காலையில் ஒப்பித்தாள். கல்யாண மண்டபத்துக்காரன் ஜெனரேட்டருக்குத் தனி, பாத்திரத்துக்குத் தனி, குப்பை அள்ளத் தனி என்பானே, அந்த மாதிரி. நான் தலையை ஆட்டிக்கொண்டேன். கையுறைக்கும் பஞ்சுக்கும் நாமே அழுது தொலைக்கலாம், பெரியது வந்தால் போதும். பெரியது என்றால் நாளைக் காலை மேல் மாடியில் இவருக்குச் செய்யப்போகிற இருதய ஆப்பரேஷன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் அர்த்தநாரி. பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், சொல்லிச் சொல்லிக் கூச்சம் விட்டுப்போயிற்று. மத்தியானத்துக்குள் கம்பெனியிலிருந்து சரி என்று பதில் வந்துவிடும் என்றாள் ஷர்மிளா. பதிலுக்குப் பதிலாகக் கேள்விதான் வந்தது. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் நோயாளிக்குச் சர்க்கரை வியாதி ஏழு வருஷமாக என்று எழுதியிருக்கிறதாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலிசி எடுத்தபோது எந்த வியாதியும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். எது நிஜம், விளக்கவும். விளக்கம் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் இட்லிக்கும் கிடையாது, இருதயத்துக்கும் கிடையாது. வீடு கட்ட வாங்கிப்போட்ட கன்னங்குறிச்சி மனையை விற்கவேண்டியதுதான். அந்த மனையில் நின்றால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். சமையலறை ஜன்னல் மலையைப் பார்த்து இருக்கவேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆசை, பருப்பு வேகிற நேரத்தில் நிமிர்ந்தால் மலை. ஜன்னலே இன்னும் வைக்கவில்லை, அதற்குள் கம்பி போடுவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் சண்டை போட்டு முடித்துவிட்டோம்.

அந்த ஏழு வருஷத்தைச் சொன்னது நான்தான். முந்தாநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன், அவசரப் பிரிவில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு டாக்டர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். சுகர் இருக்காம்மா, எத்தனை வருஷமா? நல்ல நோயாளி என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப்போனவள் மாதிரி பெருமையடித்தேன். "மாத்திரை சாப்புடறது ஒரு வருஷமாத்தானுங்க. ஆனா காசிக்குப் போயிட்டு வந்ததிலிருந்து ஏழு வருஷமா மாம்பழமோ உருளைக்கிழங்கோ கையில தொட்டதில்லைங்க. அவ்வளவு கட்டுப்பாடு." டாக்டர் காசியை விட்டுவிட்டார், ஏழு வருஷத்தை எழுதிக்கொண்டார். அவர் வயசுக்குக் காசி வழக்கம் எங்கே தெரியும். காசிக்குப் போகிறவர்கள் கயாவில் அந்த ஆலமரத்தடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சாப்பிடக் கூடாது. பிடித்ததை விடவேண்டும் என்பது சாஸ்திரம். ஊரில் யார் அப்படி விடுகிறார்கள். என் நாத்தனார் பாகற்காயை விட்டாள், பிறந்ததிலிருந்து அதை ஒரு துண்டு தின்றவளில்லை. நான் விட்டது நூக்கல். அதன் வாசனையே எனக்கு ஆகாது, சாமிக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வீட்டுக்கு வராமல் தடுத்த மாதிரியும் ஆயிற்று. இவர் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மாம்பழம் என்றார். சேலத்துக்காரர் ஒருவர் மாம்பழத்தை விடுகிறார். சித்திரை பிறந்தால் மல்கோவாவை மோந்து பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்கிறவர், ராத்திரி சோற்றுக்குப் பதிலாக இமாம்பசந்தை அறுத்துவைத்துச் சாப்பிடுகிறவர். காய் என்ன என்று பண்டா, அந்த ஊர்ப் புரோகிதர், கேட்டதற்கு உருளைக்கிழங்கு என்றார். அப்பாவுக்குப் பிண்டம் போட வந்த இடத்தில் மனுசனுக்கு மனசு இப்படிப் பழுத்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து தெரு முழுக்கச் சொன்னேன். ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கடைசியில் டாக்டரிடமும் சொன்னேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி இவருக்குத் தெரியாதது கிடையாது, அதுதான் உறுத்துகிறது. லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிற மனுசன். அடிபட்ட வண்டியோடு வருகிற ஓனர்கள் முதலில் இவரிடம்தான் கேட்பார்கள். கண்ணாடிக்கு உண்டு, டயருக்குப் பாதி, பிளாஸ்டிக்குக்குப் பாதி, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அதோடு சாவியைத் திருப்பியிருந்தால் ஒன்றும் கிடையாது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்துக்கொண்டு என் வண்டிக்கு ஏன் வராது என்று கேட்கிறவனிடம், "யோவ், நீ இடிச்சவனுக்குத்தான் அது. உனக்கில்ல" என்பார். இன்னொன்றும் சொல்வார். "டிரைவருக்கு லைசென்ஸ் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிரு. மறைச்சேன்னா கண்டுபிடிச்சிருவான், கிடைக்கறதும் கிடைக்காது. உள்ளதைச் சொன்னாத்தான் அது பாலிசி. இல்லேன்னா வெறும் காகிதம்." சாப்பாடு கொண்டுபோகும்போது எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் தனக்கு எடுக்கும்போது மறைப்பாரா. மறைக்கமாட்டார். மறைக்க என்ன இருந்தது, அப்போது ஒன்றுமில்லையே, போன வருஷம்தானே வந்தது. ஏஜெண்டு தனபால் இவருக்குச் சிநேகிதன், வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனான். ஹாலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். சுகர், பிரஷர் எதாச்சும் இருக்குங்களாண்ணா, இருந்தா இப்பவே போட்டுரலாம், பிரீமியம் கொஞ்சம் கூடும், கொஞ்ச வருஷம் காத்திருக்கணும், அவ்வளவுதான் என்றான் தனபால். இவர் டம்ளரைக் கையில் எடுத்தார். நான்தான் சொன்னேன், "அவருக்கு எங்கிருந்து வரும் தனபாலு. காசியிலேயே மாம்பழத்தை விட்டவராச்சே." தனபால் சிரித்தான். "அப்ப இல்லேன்னு போட்டுர்றேன் அண்ணி." இவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காப்பி ஆறியிருக்கும். சூடு ஆறினால் தொடவே மாட்டாரே.

எனக்கு அந்த வியாதி என்றால் பயம். மற்றதெல்லாம் வரட்டும், பார்த்துக்கொள்வேன், இது மட்டும் வேண்டாம் என்று சாமியிடம் பேரம் பேசுகிற அளவுக்குப் பயம். எங்கப்பாவுக்கு இருந்தது. காலில் ஒரு சின்னக் கொப்புளம், செருப்பு கடித்தது என்றார். அது ஆறவில்லை. கட்டு மாற்றுவது என் வேலை, அம்மாவுக்கு மயக்கம் வந்துவிடும். ஒரு விரல் போயிற்று, அப்புறம் பக்கத்து விரல், அப்புறம் முட்டிக்குக் கீழே. வெட்டின இடமும் ஆறவில்லை, அதில்தான் போனார். பழைய சர்க்கரை உடம்பு புண்ணை ஆற விடாதும்மா, புதுசா வந்திருந்தா வேற கதை என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் தரகரிடம் கேட்கச் சொன்னது ஒரே கேள்விதான், மாப்பிள்ளை வீட்டில் சர்க்கரை உண்டா. குடிப்பாரா, சொத்து எவ்வளவு என்று அப்பா பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொள்ளட்டும். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் சேலை கட்டினேன். கல்யாணமான புதிதில் இதை இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. ராத்திரி நான் தூக்கத்தில் இவர் கால்விரலை எண்ணுகிறேன் என்று மட்டும் அப்புறம் ஒரு நாள் சொன்னார். பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி பேரை வைத்திருக்கிறவர், எண்ணிக்கோ, உன் பாதியும் அதுல இருக்கு என்றார். போன வருஷம் ஒரு சாயங்காலம் வந்து, எனக்கும் சர்க்கரை வந்துருச்சாம், லேசாத்தான் என்றார். நான் அழுதேன். இவர் அழவில்லை, திடுக்கிட்டமாதிரிகூடத் தெரியவில்லை. எதைச் சாப்பிடலாம், எத்தனை மணிக்கு நடக்கலாம், காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாக எனக்கே பாடம் சொன்னார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். ஒரே நாளில் அவ்வளவும் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்.

ஷர்மிளா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினாள். போனேன். முழுக் கதையையும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், மாம்பழம் உட்பட. "ஆன்ட்டி, எங்க மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். நீங்க காசி வழக்கத்தைத்தான் சொன்னீங்க, டாக்டர் அதை வியாதின்னு புரிஞ்சுகிட்டார்னு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. டாக்டரும் கேஸ் ஷீட்டுல ஒரு வருஷம்னு திருத்திக் கையெழுத்துப் போட்டுருவார். காசி விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எங்க பெரியம்மா கொய்யாப்பழம் விட்டாங்க. கம்பெனி ஒத்துக்கும்." நல்ல பெண். பெரியம்மாவுக்குக் கொய்யா பிடிக்குமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுக் கீழே வருவார், அதுவரை உட்காருங்கள் என்றாள். வந்து உட்கார்ந்தேன். சிக்கல் எவ்வளவு சுலபமாக அவிழ்ந்துவிட்டது. நிம்மதியாக இருக்கவேண்டும். இருந்தது, கொஞ்ச நேரம்.

மடியில் பை இருந்தது. இவரை உள்ளே கொண்டுபோனபோது நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் பை, சட்டை, கைக்கடிகாரம், செருப்பு. வீட்டுக்குள்ளே போடுகிற செருப்பு, அவசரத்தில் அதோடேயே கூட்டிவந்துவிட்டேன். இந்தச் செருப்புக்காக நான் பண்ணாத சண்டையில்லை. பூஜையறை இருக்கிற வீட்டில் செருப்போடு நடப்பதாவது, வெள்ளைக்காரத் துரையா நீங்கள் என்று கேட்பேன். டைல்ஸ் சில்லுனு இருக்கும்மா, கால் இழுக்குது என்பார். பையைச் சரிசெய்யும்போது கட்டைவிரல் செருப்பில் பாதம் பதிகிற இடத்தில் பட்டது. விரல் உள்ளே போயிற்று. எடுத்தேன், பள்ளம் மெதுவாக மேலே வந்தது. மறுபடி அழுத்தினேன். இந்த மெத்து எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கடையிலேயே வாங்கியது, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற செருப்பு, கறுப்பாக அசிங்கமாக இருக்கும். அடியில் இதே ரப்பர், இதே மாதிரி விரலை உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். இது பழுப்பு நிறம், வார் அழகாக இருக்கிறது, அதனால் தெரியவில்லை. சரி, போன வருஷம் வியாதி வந்த பிறகு வாங்கியிருப்பார். இல்லை, அதற்கு முன்னாலும் இதே மாதிரிதான் போட்டார். தேயத் தேய இதே மாதிரிதான் வாங்குவார். பாலிசிக்கு முன்னாலா, பின்னாலா. முன்னால்தான், டைல்ஸ் சண்டை எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்த வருஷமே, நாலு வருஷத்துக்கு முன்னாலேயே உண்டு. காசிக்கு அப்புறம் என்று வைத்துக்கொள்வோம், காசிக்குப் போய்வந்த பிறகு என்னவோ டைல்ஸ் குளிர ஆரம்பித்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மனசு நிற்கவில்லை. காசிப் படித்துறையில் செருப்பைக் கழற்றச் சொன்னார் பண்டா. இவர் தயங்கினார். கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்துப் பார்த்து இறங்கினார், ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர் மாதிரி. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன், கையில் செருப்பு, பழுப்பு நிறம். இப்போது மடியில் இருக்கிற மாதிரியே. அப்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு ஒன்றொன்றாக வந்தது, கூப்பிடாமலே. சில அமாவாசைகளில் காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவார், கோயில் என்பார், வெயில் ஏறின பிறகு வருவார். அப்படி ஒரு நாள் முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. என்னங்க இது என்றேன். ரத்த தானம் என்றார். அமாவாசையில் ரத்த தானம். நான் அதையும் தெருவில் சொல்லியிருக்கிறேன். கடை அலமாரியில் பல்புகளுக்குப் பின்னால் மாத்திரை இருந்திருக்கும், அங்கே நான் கை வைக்கமாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, பொல்லாத கோபம். மாம்பழத்தை விட்டதற்கு எத்தனை பேரிடம் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன். ஒரு வருஷமா இரண்டு வருஷமா. பக்கத்திலேயே படுத்திருக்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஊர் லாரிக்காரனுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லு என்கிறவர். மூன்றாம் நபருக்கு என்னவானாலும் உண்டு என்பாரே, அப்படியானால் நான் எத்தனையாவது நபர். இப்படியே போய்க்கொண்டிருந்த மனசு மறுபடி ஹாலுக்கு வந்து, காப்பி டம்ளரில் வந்து முட்டிக்கொண்டது. தனபால் கேட்டான். இவர் டம்ளரை எடுத்தார். வாயைத் திறக்கத்தான் எடுத்திருப்பாரோ. எதிரே நான் தட்டோடு நிற்கிறேன், கால்விரலை எண்ணுகிறவள், சிரித்த முகமாகக் காசி என்கிறேன். உண்டு என்று சொன்னால் பாலிசி செல்லும், என் முகம் என்னாகும். இவருக்கு எல்லாம் தெரியும், கையெழுத்துப் போட்டால் அது வெறும் காகிதம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் காப்பியை ஆறவைத்துக் குடித்திருக்கிறார். பிறகு கொஞ்ச காலம் விட்டு, லேசாக வந்திருக்கிறது என்று எனக்குச் சின்ன அளவில் ஒரு வியாதியைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனியை ஏமாற்றுகிற ஆளில்லை, ஆனால் தனபாலிடம் தனியாகச் சொல்லியிருந்தாலும் பாலிசித் தாளில் ஏறும், அது வீட்டுக்கு வரும், நான் படிப்பேன். இது எனக்காக. எனக்குப் பயமாக இருக்கக்கூடாது என்பதற்காக. முட்டாள் மனுசன். என் முட்டாள் மனுசன். இப்போதுதான் அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன், பக்கத்து நாற்காலி அம்மா ஆப்பரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆன்ட்டி, டாக்டர் வந்துட்டார்." எழுந்து போனேன். கடிதத்தை ஷர்மிளாவே தட்டச்சுப் பண்ணி வைத்திருந்தாள், கையெழுத்துக்கு இடம் விட்டு. மீசை முளைக்காத டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். என் கண்ணெதிரே கேஸ் ஷீட், அதில் அந்த ஏழு. பொய் என்று எப்படிச் சொல்வது, காசி வழக்கம் நிஜம், நான் சொன்னதும் நிஜம், இவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. செருப்பு மட்டும்தான் தெரியும். போட்டுவிடலாம். மலை தெரிகிற ஜன்னல் இருக்கும். பேனாவை வாங்கினேன். "கண்ணு, இதைத் திருத்தினா மேல ஆப்பரேஷன் டாக்டருக்குப் போறது எது?" என்று ஷர்மிளாவைக் கேட்டேன். "இதேதான் ஆன்ட்டி, ஒரே ஷீட்டுதான். கம்பெனிக்கு இதோட நகல் போகும்." கம்பெனியும் இதைத்தான் படிக்கும், கத்தி பிடிக்கிறவரும் இதைத்தான் படிப்பார். நெஞ்சை அறுப்பார்கள், காலில் கீறி ரத்த நரம்பு எடுப்பார்கள் என்று நேற்றுச் சொன்னார்கள். காலில். ஒரு வருஷத்துச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு கீறுவார்கள். பெரிய டாக்டர் காதில் தனியாகச் சொல்லிவிடலாமே என்று ஒரு புத்தி ஓடியது. சொன்னால் அவரும் எழுதுவார். எழுதாவிட்டால் கட்டு மாற்ற வருகிற நர்ஸுக்கு எப்படித் தெரியும், ராத்திரி டியூட்டிக்கு வருகிறவருக்கு எப்படித் தெரியும். அப்பாவுக்குக் கட்டு மாற்றினவள் நான், எனக்குத் தெரியும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "திருத்த வேண்டாங்க டாக்டர். ஏழுகூடச் சரியில்ல. காசிக்குப் போறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. எப்ப இருந்துன்னு அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க, மறைக்காம சொல்லுவார்." டாக்டர் என்னைப் பார்த்தார், ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். ஷர்மிளாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஆன்ட்டி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இப்படிப் போச்சுன்னா கண்டிப்பா ரிஜெக்ட் பண்ணிருவாங்க. ஒண்ணுமே வராது." "வராதுதான். மறைச்சா வெறும் காகிதம்னு அவரே சொல்லுவார்" என்றேன். மனையை வாங்கிக்கொள்கிறேன் என்று பக்கத்து மனைக்காரர் போன மாதம்கூடக் கேட்டார். அவர் நம்பரைத் தேடிப் போன் போட்டேன். மடக்கின கையில் பை, பையில் செருப்பு. கயாவில் நூக்கலை விட்டுவிட்டு வந்து புண்ணியம் கட்டிக்கொண்டவள் நான். பிடித்ததை விடுவது எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. போனில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, மனைக்காரர் எடுக்கவேண்டும்.